“அது தலவலிக்குப் போடுறதுதானே!”

காசிமேட்டு அம்மா. ஐம்பதை நெருங்கும் வயது. விடியற்காலை 2 மணிக்கே எழுந்து, மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றித் தெருத்தெருவாக விற்பவர். “தெனமும் மண்ட இடி, டாக்டரம்மா” என்றார். பிரஷர் சரியாக இருந்தது. தூக்கமில்லை, வெயில், சுமை என்று நானே கதையை முடித்து, வலி மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார். வலி கூடியிருந்தது.

அன்று மழை, வெளியே கூட்டமில்லை. “இந்தத் தலவலி மொதமொதல்ல எப்பம்மா வந்துச்சு?” என்று கேட்டுவிட்டு வாய் மூடியிருந்தேன். வயதுக்கு வந்த காலத்திலிருந்தே ஒத்தத் தலைவலியாம். விண்ணு விண்ணென்று தெறிக்கும், வெளிச்சம் ஆகாது, வாந்தி எடுத்தால் தேவலை, ஒரு நாள் முழுக்கப் படுக்கை. “எங்கம்மாவும் தலையில துணிய இறுக்கிக் கட்டிக்கினு இருட்டுல படுத்துனு இருக்கும்.” மைக்ரேனை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் மைக்ரேன் வந்து போகும் வலி. இவருக்கு ஒன்றரை வருஷமாகத் தினமும். ஏன்?

“மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?” என்று முதல் தடவையே கேட்டிருந்தேன், இல்லை என்றிருந்தார். இப்போது, “வலிச்சா உடனே என்ன பண்ணுவீங்க?” என்றேன். சுருக்குப்பையை அவிழ்த்து அட்டையை எடுத்து வைத்தார். காலையில் டீயோடு ஒன்று, மத்தியானம் ஒன்று, சில நாள் ராத்திரியும். “அன்னிக்கு ஏம்மா சொல்லல?” “நீங்க மாத்திரதானே கேட்டீங்க? இது தலவலிக்குப் போடுறதுதானே!”

அவருக்கு மாத்திரை என்றால் சுகருக்கும் பிரஷருக்கும் டாக்டர் எழுதித் தருவது. பெட்டிக்கடையில் வாங்குவது அந்தக் கணக்கில் வராது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் அதிகமாகப் போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைத் தினசரி வலியாக்கிவிடலாம். அதில் நானும் ஒரு அட்டை சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அந்த நாளை நினைத்தால் இன்றும் மனசு சங்கடப்படுகிறது.

ஆபத்தான தலைவலியைத் தவறவிடாமலிருக்க, எத்தனை அவசரத்திலும் நான் விடாத கேள்விகள் உண்டு. இடி விழுந்த மாதிரி ஒரே நிமிஷத்தில் உச்சத்துக்குப் போனதா? காய்ச்சலோடு கழுத்து விறைத்ததா? ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த வலியா, மெல்லும்போது தாடை நோகிறதா? ஆடி மாதத்தில் இளம்பெண்கள் வந்தால், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கோயிலுக்காக ‘நாள் தள்ளிப்போக’ மாத்திரை போட்டார்களா என்றும் கேட்பேன். மூளையின் சிரைகளில் ரத்தம் உறைய அதுவும் காரணமாகலாம். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது அந்தப் பெண் எப்படிச் சொல்வாள்?

காசிமேட்டு அம்மாவிடம் அட்டையை நிறுத்தச் சொன்னேன். முதல் பத்து நாள் வலி இன்னும் மோசமாகும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லி, மைக்ரேன் அடிக்கடி வராமல் தடுக்கும் மருந்தை ராத்திரிக்குக் கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால், வலித்த நாளின் காலண்டர் தாளை மட்டும் கிழித்துப் பத்திரமாக வைக்கச் சொன்னேன்.

மூன்றாம் மாதம் வந்தபோது அதே சுருக்குப்பையை அவிழ்த்து மேஜைமேல் கொட்டினார். அந்த மாதத்துக்கு ஐந்து தாள்கள். மீன்வாசத்தோடு இருந்த அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, இரண்டு பேருமாக எண்ணினோம்.