'ஓடிப்போன சொல்தா' பேரனின் மூன்று வீண் பயணங்கள்

சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுச் சிப்பாயாக இருந்த எங்கள் கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் பட்டாளத்தை விட்டு ஓடிவிட்டார் என்பதுதான் புதுச்சேரியில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த கதை. 1917இல் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரித்தார், அதோடு கொள்ளுத்தாத்தாவின் தங்கைக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்றுபோனது. "போலீஸ் வந்த வீடு" என்ற பேச்சு என் அத்தை காலம் வரை ஓயவில்லை. வலுக்கட்டாயமாகப் பிடித்துப் போனார்கள், அதனால் ஓடினார் என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். இது இரண்டும் உண்மையா என்று பார்க்கத்தான் கிளம்பினேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பிறப்புப் பதிவு சுலபம். புதுச்சேரியின் பழைய எத்தா சிவில், அதாவது பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுப் புத்தகங்கள் பிரான்சிலுள்ள எய்க்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் காப்பகத்தின் இணையதளத்தில் இருக்கின்றன, ஒரே இரவில் கிடைத்தது: 1894.

அதற்கப்புறம்தான் தொல்லை. முதல் தடவை பாரிஸிலிருந்து விடிகாலை ரயில் பிடித்து வேறொரு காப்பகத்துக்குப் போனேன். ஓடிப்போனவர் என்று நானே சொல்லித் தொலைத்தேன். அங்கிருந்த அம்மா உடனே கொன்சேய் த கேர், அதாவது ராணுவ நீதிமன்றப் பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டு "இப்படி ஒரு ஆள் இல்லை" என்று முடித்துவிட்டார். மத்ரிக்யூல், அதாவது சிப்பாய்களின் பதிவுப் புத்தகம் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, அதை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், இன்று முடியாது. போய்வர ஒரு நாள், டிக்கெட் காசு, எல்லாம் போயிற்று. நீங்கள் தேடும் ஆள் மேல் அங்கே வழக்கு நடந்திருந்தால்தான் அந்தப் பட்டியலில் இருப்பார். வழக்கே நடக்காத ஆளை அங்கே தேடிப் பிரயோசனமில்லை. மத்ரிக்யூலில்தான் தொடங்க வேண்டும், ஒவ்வொரு சொல்தாவுக்கும் உள்ள ஒரு பக்கச் சரித்திரம் அது.

இரண்டாவது தடவை முன்பதிவோடு போனேன், 1916ஆம் வருஷப் புத்தகத்தைக் கேட்டேன், அவர் பட்டாளத்தில் சேர்ந்த வருஷம் அதுதான் என்று. பெயர் இல்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார்: சேர்ந்த வருஷத்தைப் பார்க்காதீர்கள், பிறந்த வருஷத்தோடு 20 கூட்டுங்கள், அதுதான் அவருடைய 'வகுப்பு', புத்தகங்கள் அந்த வருஷப்படிதான் இருக்கும். 1894க்கு 1914. இந்த ஒரு விஷயத்தை அந்த அம்மா முதல் நாளே சொல்லியிருக்கலாம், எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்றாவது தடவை 1914 வகுப்பு கையில் இருந்தும் ஆளைக் காணோம். காரணம் பெயர். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி எங்கள் முன்னோர் ரெனோன்சான்களாகி, அதாவது தங்கள் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்று, ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டவர்கள். பட்டாளத்து எழுத்தரோ தாத்தாவின் சொந்தப் பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார். போதாததற்குப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் வேறு. முருகேசன் என்றால் 'மு'வுக்கு எம், ஓ, யூ. 'சன்'னுக்கு இரண்டு எஸ். அதனால் போவதற்கு முன் குடும்பப் பெயர், சொந்தப் பெயர், அப்பா பெயர் மூன்றையும் நான்கைந்து விதமாக எழுதி ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். நான் வீட்டில் அந்தத் தாளை எழுதிக்கொண்டு நான்காவது தடவை போன நாளில், பத்தே நிமிஷத்தில் பக்கம் கிடைத்தது.

முதல் வரியே என்னை உலுக்கியது. 'அங்காழே வொலோந்தேர்', தானாக முன்வந்து சேர்ந்தவர். யாரும் பிடித்துப் போகவில்லை. அப்படித் தானாகச் சேர வருபவர் ஒழுக்கமானவர் என்று மேரி எனும் நகராட்சி அலுவலகத்திலிருந்து நன்னடத்தைச் சான்று கொண்டுவர வேண்டும் என்பது அன்றைய சட்டம். அதாவது 1916இல் எங்கள் தாத்தா யோக்கியர் என்று ஊர் மேயரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அடுத்தது நான் பயந்த வரி. 1917 மார்ச்சில் 'தெஸெர்த்தேர்' என்று அறிவித்திருக்கிறார்கள். இங்கே ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: 'அன்சுமி' என்றிருந்தால் அழைப்பாணைக்கு வராதவர், 'தெஸெர்த்தேர்' என்றால் சேர்ந்தபின் காணாமல் போனவர். இரண்டும் வேறு வேறு குற்றம், வீட்டுக் கதைகளில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். விடுப்பில் போனவர் திரும்பாவிட்டால் அமைதிக்காலத்தில் 15 நாள் பார்ப்பார்கள், போர்க்காலத்தில் கெடு மூன்றில் ஒரு பங்கு, வெறும் ஐந்து நாள். ஆறாம் நாள் நீங்கள் ஓடிப்போனவர், சொந்த ஊருக்கு விசாரணைத் தாள் கிளம்பிவிடும்.

அதற்குக் கீழே, வேறு மையில், பொடி எழுத்தில் இன்னொரு வரி. அதை நான் கிட்டத்தட்டத் தவறவிட்டிருப்பேன், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். விடுப்பு முடிகிற நாளில் அவர் நிமோனியாவோடு மார்செய் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார், ஆஸ்பத்திரியிலிருந்து பட்டாளத்துக்குத் தகவல் போக இரண்டு மாசம் ஆகியிருக்கிறது, மே மாசம் அவர் பெயரை ஓடியவர்கள் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். புதுச்சேரிக்கு விசாரணைத் தாள் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பெயரை நீக்கிய தாள் வந்ததாக எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

பக்கத்தின் கடைசியில், 1919இல் விடுவித்தபோது: 'நன்னடத்தைச் சான்று வழங்கப்பட்டது'. மறுக்கப்பட்டது என்றும் எழுதுகிற இடம் அது, அதனால் எந்தப் பக்கம் கிடைத்தாலும் கடைசி வரி வரை படியுங்கள். நான் வாசிப்பறையில் அழுதுவிட்டேன், எதிரே இருந்தவர் தண்ணீர் கொடுத்தார்.

அன்று ராத்திரியே அத்தைக்குப் போன் போட்டு முழுசாகப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "மார்ச்சா, மேயா? அவர் தங்கச்சி சம்பந்தம் நின்னது சித்திரையிலடா" என்றாள். இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டு, அந்தக் கடைசி வரியை மட்டும் பெரிய எழுத்தில் பிரிண்ட் போட்டு, தமிழிலும் எழுதி அனுப்பச் சொன்னாள். அனுப்பிவிட்டேன்.