“பத்துக்கு எத்தனைம்மா?” – அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்த அன்று

காலை ஏழரை மணிக்கு அம்மா தொழுவத்துப் பாசியில் வழுக்கி விழுந்தார். வயது 71. வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. இடுப்பெலும்பு முறிந்தால் கால் அப்படிக் கிடக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நாலு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி லோடு ஆட்டோவில் ஏற்றினோம். அம்மா போட்ட சத்தத்தில் கட்டியிருந்த மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது.

பக்கத்து ஊர் தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலிக்கு ஒன்றும் போடவில்லை. “டாக்டர் பாக்குறதுக்கு முன்னாடி ஊசி போட்டா வலி எங்கன்னு தெரியாமப் போயிரும்” என்றார்கள். ஒன்றரை மணி நேரம் அம்மா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடந்தார். கேட்டால், “பொறுத்துக்கிறேன்யா.” வலியைக் குறைத்தால் நோயைக் கண்டுபிடிக்க முடியாது என்பதை மருத்துவம் எப்போதோ கைவிட்டுவிட்டது. அன்றைக்கே எனக்கு அது தெரிந்திருந்தால் சண்டை போட்டாவது கேட்டிருப்பேன். கடைசியில், “மதுரைக்குக் கொண்டு போங்க.”

அப்போதுதான் 108-ஐ அழைத்தேன். வந்த மருத்துவ உதவியாளர் தம்பி உடனே தூக்கவில்லை. அம்மா பக்கத்தில் குனிந்து, “பத்துக்கு எத்தனைம்மா வலிக்குது? வலியே இல்லன்னா சைபர், தாங்கவே முடியலன்னா பத்து” என்றார். அம்மா யோசித்து, “ஒம்பது” என்றார். அவ்வளவு நேரமும் பொறுத்துக்கிறேன் என்றவர்.

கம்பளியை மடித்து இரண்டு கால்களுக்கும் நடுவே வைத்து, கணுக்கால், முட்டிக்குக் கீழே, தொடை என மூன்று இடத்தில் நல்ல காலோடு சேர்த்துக் கட்டினார். முறிந்த எலும்பு அசைய அசையத்தான் வலி, அசையாமல் நிறுத்துவதே முதல் மருந்து என்றார். காலையில் நாங்கள் தூக்கிய தூக்கு எனக்கு நினைவுக்கு வந்தது. கட்டி முடித்து, பாதத்தில் விரல் வைத்து நாடி பார்த்தார். பிறகு கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் போனில் வயது, எடை, பிரஷர், அலர்ஜி எல்லாம் சொல்லிக் கேட்டுக்கொண்டு, பாராசிட்டமால் 1 கிராம், 100 மில்லி பாட்டிலை 15 நிமிடத்தில் இறங்கும்படி ஏற்றினார்.

செக்கானூரணியில் வேகத்தடை ஏறி இறங்கியபோது அம்மா கத்தவில்லை. “இப்ப எத்தனைம்மா?” “அஞ்சு இருக்கும்.” கொஞ்ச நேரத்தில், “மாட்டுக்குத் தண்ணி காட்டுனீங்களாடா?” என்று என்னைக் கேட்டார்.

அஞ்சும் வலிதான். மெல்போர்னில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்குக் கால் முறிந்தபோது, ஆம்புலன்ஸிலேயே மெத்தாக்ஸிஃப்ளூரேன் என்ற வலி மருந்து ஊற்றிய பச்சைக் குழலைக் கையில் கொடுத்து உறிஞ்சச் சொன்னார்களாம். ‘பச்சை விசில்’ என்பார்கள் அங்கே. சில மூச்சிலேயே தணிந்துவிட்டது என்றான். இங்கே கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினுக்கு 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டம் போட்ட முடிச்சை 2014 திருத்தம் தளர்த்தியது. ஆனாலும் அம்மாவை ஏற்றிய வண்டியில் அந்த மருந்து இல்லை. எங்கள் ஊர் வண்டியிலும் இதெல்லாம் இருக்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

மதுரை நெருங்கும்போது, என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று தம்பி சீட்டில் எழுதினார். “பத்திரமா வச்சுக் காட்டுங்கண்ணே, இல்லன்னா அதையே மறுபடி போட்டுருவாங்க.” பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சீட்டைப் படித்து, படத்தைப் பார்த்த கையோடு, தொடை மடிப்பில் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட்டார்.

அரை மணி கழித்து நானே கேட்டேன். “ரெண்டு” என்றார் அம்மா. சொல்லிக்கொண்டே கண் சொக்கித் தூங்கிப்போனார்.