பத்தேரியில் விழுந்த ஃபைனும் கூடலூர் லைசென்ஸும்

நீலகிரி கூடலூர்க்காரனுக்கு மாநில எல்லை என்பது வழியில் வரும் ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான். உடம்புக்குக் கொஞ்சம் கூடுதலாக முடியாமல் போனால் கேரளாவின் சுல்தான் பத்தேரி, துணி எடுக்க மைசூர், சொந்தக்காரர் கல்யாணம் என்றால் நாடுகாணி இறங்கி நிலம்பூர். இப்படிப் போய் வரும் வண்டிக்கு அங்கே விழும் ஃபைன் இங்கே என்ன செய்யும் என்று நான் யோசித்ததே இல்லை, போன மாதம் ஸ்கூட்டரை விற்கப் போகும் வரை.

பந்தலூர்க்காரர் ஒருவர் விலை பேசி அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். ஆர்டிஓ ஆபீசில் பெயர் மாற்றப் போனால், "சலான் பாக்கி இருக்கு, கட்டிட்டு வாங்க" என்றார்கள். எனக்கு ஒரு மெசேஜ்கூட வந்ததில்லையே என்று அரசாங்கத்தின் வாகனத் தளமான பரிவாகனில் இ-சலான் பக்கத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். மூன்று சலான். மூன்றும் கேரளா, மூன்றும் ஹெல்மெட், மூன்று போட்டோவிலும் பளிச்சென்று என் மச்சினன். 2023 ஜூனில் அங்கே ஏஐ கேமராவை வைத்து ஃபைன் போட ஆரம்பித்ததிலிருந்து பத்தேரி பக்கம் போகிற எல்லோரும் இதைப் பற்றிப் பேசாத நாள் இல்லை, இவன் காதில் மட்டும் விழவில்லை. கேட்டால், "எனக்கு ஒண்ணும் மெசேஜ் வரலையே மாமா" என்கிறான். வண்டி என் பேரில் இருக்கும்போது உனக்கு எப்படிடா வரும்?

எனக்கும் ஏன் வரவில்லை என்றால், நான் அந்த ஸ்கூட்டரை செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது ஆர்சியில் புரோக்கர் தன் போன் நம்பரையே போட்டுவிட்டிருக்கிறார். இரண்டு வருஷமாக எல்லா மெசேஜும் அவருக்குப் போயிருக்கிறது. செகண்ட் ஹேண்ட் வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே ஆர்சியில் யார் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள்.

வீட்டில் அடுத்த பயம் லைசென்ஸ். கேரளாவில் மூன்று ஃபைன், என் லைசென்ஸை முடக்கிவிடுவார்களா? விசாரித்ததில் புரிந்தது இது: கேமரா பார்ப்பது நம்பர் பிளேட்டை. அந்தச் சலான் முதலில் வண்டியின் தலையில், அதாவது ஓனர் தலையில்தான் விழும். பெயர் மாற்றம் மாதிரி வேலைக்குப் போகும்போது குறுக்கே நிற்கும். யார் ஓட்டினார்கள் என்று கேட்டால் ஓட்டியவர் பெயரையும் லைசென்ஸ் விவரத்தையும் ஓனர் சொல்லியாக வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 133வது பிரிவு. ஆக என் லைசென்ஸ் தப்பித்தது, ஏனென்றால் ஓட்டியது நானில்லை. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகனிடம் சொன்னபோது, அங்கே பெரும்பாலான மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வெளி மாநில டிக்கெட்டையும் சொந்த மாநிலத்துக்கு அனுப்பிவிடும், அது லைசென்ஸ் கணக்கில் தப்புக்கான பாயின்ட்டாகச் சேரலாம் என்றான். நமக்கு அந்தப் பாயின்ட் கணக்கு இல்லை என்று கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் எங்கள் தெரு பிக்கப் டிரைவர். நேந்திரன் லோடு ஏற்றிக்கொண்டு கோழிக்கோடு போகும்போது போனைக் காதில் வைத்தபடி ஓட்டி, கையும் களவுமாக மாட்டியவர். கேமரா இல்லை, ஆளே நிறுத்தியது. ஃபைன் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தால் லைசென்ஸை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்திருக்கிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிவேகம், ஆபத்தாக ஓட்டுவது, குடித்து ஓட்டுவது, ஹெல்மெட் போடாதது இதற்கெல்லாம் லைசென்ஸை எடுத்து லைசென்ஸிங் அதிகாரிக்கு அனுப்பச் சட்டத்திலேயே இருக்கிறது. போன் பிடித்து ஓட்டுவது ஆபத்தாக ஓட்டுவதில் சேர்த்தி. நம் லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும், அதனால் முடக்கினாலும் இந்தியா முழுக்க முடக்கம்தான். அவருக்கு நோட்டீஸ் வந்தது, போய் விளக்கம் சொன்னார், மூன்று மாதம் சஸ்பெண்ட். முதல் தடவைக்கு மூன்று மாதம், அடுத்த தடவை லைசென்ஸே ரத்தாகலாம். உத்தரவு பிடிக்கவில்லை என்றால் 30 நாளைக்குள் அப்பீல் போகலாம், அவர் போகவில்லை. முடிந்த பிறகும் சும்மா கிடைக்காது, புத்தாக்கப் பயிற்சி முடித்தால்தான் கையில் தருவார்கள்.

எனக்கு 1,500 ரூபாய் தண்டம், அவருக்கு மூன்று மாத வருமானம். இடையில், "ராத்திரி மட்டும் ஒரு லோடு அடிச்சா யாருக்குத் தெரியும்" என்று யாரோ யோசனை சொன்னார்களாம். தகுதி நீக்கத்தில் இருக்கும்போது ஓட்டி மாட்டினால் மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது 10,000 ரூபாய், இல்லை இரண்டும். ஆக்சிடெண்ட் ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிக்கலாம். நல்லவேளை, மனைவி சாவியை எடுத்து ஒளித்துவிட்டார்.

என் சலானுக்கு வருகிறேன். இரண்டை அந்தப் பக்கத்திலேயே கட்டினேன், தலைக்கு 500. இதே ஹெல்மெட்டுக்கு நம் ஊரில் 2022 அக்டோபரிலிருந்து 1,000. மூன்றாவது, ஆன்லைனிலேயே நடக்கும் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிருந்தது, அதையும் வீட்டிலிருந்தே ஆன்லைனில் கட்டி முடித்தேன், பத்தேரிக்கு அலையவில்லை. இதற்கு நடுவில் வாட்ஸ்அப்பில் ஒரு சலான் மெசேஜ் வந்து ஏதோ ஒரு ஆப்பை இறக்கச் சொன்னது. அது சுத்த ஃப்ராடு, தொடவே தொடாதீர்கள். அசல் இ-சலான் தளத்தின் முகவரி ஜிஓவி டாட் ஐஎன் என்றுதான் முடியும்.

பெயர் மாறி வண்டி பந்தலூர் போய்விட்டது. இந்தத் தடவை வாங்குகிறவர் நம்பரைப் பக்கத்தில் நின்று சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். மச்சினனிடமிருந்து 1,500-ல் இதுவரை வந்தது 500.