107 கோடி நிறங்கள்

மார்ச் 3, செவ்வாய்

போன் வந்துவிட்டது. திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு வெற்றுப் பக்கம். வெள்ளை வெள்ளையாக இல்லை. கண் களைத்திருக்கும் என்று வைத்துக்கொண்டு படுக்கப் போகிறேன்.

இருமல் நிற்கவில்லை.

மார்ச் 4, புதன்

கண் களைப்பு இல்லை. காலையில் பழைய போனையும் புதியதையும் ஜன்னலோரம் வைத்து, நடுவில் பிரிண்டர் தாள் ஒன்றை வைத்துப் பார்த்தேன். பழையது நான்கு வருடம் உழைத்த எல்சிடி, மூலையில் கீறல் வேறு. அதன் வெள்ளை தாளோடு ஒத்துப்போகிறது. புதியதன் வெள்ளையில் மெல்லிய பச்சை, பாசி படிந்த தொட்டியில் தண்ணீர் தெரிவதைப் போல.

தனியாகப் பார்த்தால் தெரியாது. இரண்டு நிமிடத்தில் கண் பழகிவிடும். எந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமோ அதன் வெள்ளைதான் வெள்ளை என்று மூளை எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் தாள் இருந்தால்தான் குட்டு வெளிப்படும்.

செட்டிங்ஸில் ஒரு மணி நேரம். விவிட், நேச்சுரல் என்று நிறம் காட்டும் முறைகள் இரண்டு இருக்கின்றன. வரும்போதே விவிட்டில் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். நேச்சுரலுக்கு மாற்றினேன். சிவப்பு அடங்கியது, பச்சை போகவில்லை. அறை வெளிச்சத்துக்குத் தக்கபடி வெள்ளையை மாற்றும் வசதியை அணைத்தேன். இரவுக்கான மஞ்சள் வடிகட்டி அணைந்துதான் இருக்கிறது, மூன்று தரம் பார்த்துவிட்டேன். திரைக்கு வெள்ளை என்றால் டி65, ஏறக்குறைய 6500 கெல்வின், பகல் வெளிச்சத்தின் வெள்ளை. ஜன்னலில் அதே பகல் வெளிச்சம்தான் விழுகிறது. அதற்குப் பக்கத்தில் வைத்தும் பச்சை.

பெட்டியின் மேல் 107 கோடி நிறங்கள் என்று அச்சடித்திருக்கிறது. கணக்கு சரிதான். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் பத்து பிட், அதாவது 1024 படிகள். 1024ஐ அதனோடும், மறுபடி அதனோடும் பெருக்கினால் 107 கோடி வந்துவிடும். பழையது எட்டு பிட், 1 கோடியே 67 லட்சத்தோடு சரி. படிகள் கூடியிருக்கின்றன. ஆனால் ஏணியே சாய்ந்து நிற்கிறதே.

இதற்காகத்தான் இத்தனை மாதம் பொறுத்தேன். நேரில் போக முடியாவிட்டாலும் அக்காவுக்குப் பிறக்கப்போகும் குழந்தையை நன்றாகப் பார்க்கலாம் என்று.

மார்ச் 5, வியாழன்

பெண் குழந்தை. 2 கிலோ 300 கிராம். நான்கு வாரம் முந்திக்கொண்டாள். அக்கா நலம்.

இந்த இருமலோடு நான் அந்த வாசலைக்கூட மிதிக்கக் கூடாது.

மார்ச் 6, வெள்ளி

14 படங்கள். எல்லாவற்றையும் விவிட்டில் ஒரு தரம், நேச்சுரலில் ஒரு தரம் பார்த்தேன். ஒன்றில் கன்னம் செக்கச்செவேல் என்று இருக்கிறது, இன்னொன்றில் சோர்ந்த முகம். இதில் எது என் அக்கா மகள்?

மார்ச் 7, சனி

சாயங்காலப் படத்தில் மஞ்சளாக இருக்கிறாள். நெற்றியிலும் மூக்கு நுனியிலும். பழைய போனில் அப்படி இல்லை. அல்லது இருக்கிறது, குறைவாக. அக்காவைக் கூப்பிட்டேன்.

"லைட் அப்படிடி. நீ போய்த் தூங்கு."

இருக்கலாம். அவள் அறையின் விளக்கு ஒன்று. எது வெள்ளை என்று அவள் கேமரா தானாக ஊகித்துக்கொள்வது இரண்டு. அனுப்பும்போது செயலி படத்தை நசுக்குவது மூன்று. நான்காவது என் கையில் இருக்கிறது. முதல் மூன்றை நான் ஒன்றும் செய்ய முடியாது. இந்த நான்காவதையாவது நம்ப முடிந்தால் போதும்.

தூக்கம் வரவில்லை. இப்போது மணி இரண்டு. விளக்கை அணைத்து, திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, வெறும் சாம்பல் படம் ஒன்றைத் திரை முழுக்க வைத்தேன். மேல்பாதி பச்சை. கீழே, கட்டைவிரல் படும் இடத்தில், இளஞ்சிவப்பாக ஒரு திட்டு. நடுவில் செங்குத்தாகக் கோடுகள், துவைத்துத் துவைத்து நைந்த துணியில் இழை தெரிவதைப் போல. ஒரே சாம்பல்தான் நான் வைத்தது. மூன்று சாம்பல் தெரிகிறது.

காரணம் புரிகிறது. புதியது ஓஎல்இடி திரை. அதில் பின்விளக்கு கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்க ஒவ்வொன்றுக்கும் போகும் மின்னோட்டம் இம்மியளவாகிவிடும். அந்த நிலையில், புள்ளிகளை இயக்கும் டிரான்சிஸ்டர்களுக்குள் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசமெல்லாம் நிறமாக வெளியே வந்துவிடும். இதைச் சரிக்கட்டத்தான் தொழிற்சாலையில் பேனலை அளந்து திருத்தி அனுப்புகிறார்கள். என்னுடையதில் அந்தத் திருத்தம் அடிமட்டம் வரை வந்து சேரவில்லை. நான் பார்க்கும் நேரமோ எப்போதும் இரவு, எப்போதும் அடிமட்டம்.

மார்ச் 8, ஞாயிறு

16.

ரத்தம் எடுத்து மஞ்சள் காமாலையின் அளவைப் பார்த்தார்களாம். விளக்குக்குக் கீழே வைத்துவிட்டார்கள்.

திரை சொன்னது சரியாகிவிட்டது. அதற்காக அதை நம்ப முடியவில்லை. என்னுடைய பழைய படம் ஒன்றை இதில் திறந்து பார்த்தேன். நானும் மஞ்சள்தான். இந்தத் திரையில் யாராக இருந்தாலும் மஞ்சள்தான்.

மார்ச் 9, திங்கள்

நீல விளக்கின் கீழே ஒரு படம் அனுப்பினார் அத்தான். கண்ணைத் துணியால் மூடியிருக்கிறார்கள். சின்ன உடம்பு, டயபர், மற்றதெல்லாம் நீலம்.

புதிய போனில், தெரியாமல் விவிட்டில் இருந்தபோது திறந்துவிட்டேன். குழந்தையே இல்லை. படுக்கையும் உடம்பும் சேர்ந்து ஒரே நீலக் கட்டி. விரல் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரண்டு விரலால் பெரிதாக்கி நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு படத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அப்புறம் பழைய போனில் திறந்தேன். துணியின் மடிப்பு தெரிந்தது. ஐந்து விரலும் தெரிந்தன. சுண்டுவிரல் மட்டும் தனியாக மடங்கியிருக்கிறது.

நேச்சுரலில் புதியதும் பரவாயில்லை. நம் படங்களில் பெரும்பாலானவை இன்னும் எஸ்ஆர்ஜிபி என்ற 1996ஆம் வருடத்து நிற எல்லைக்குள்தான் இருக்கின்றன. இப்போதைய திரைகள் பி3 என்ற, ஏறக்குறைய கால்பங்கு பெரிய எல்லையைத் தொடக்கூடியவை. நேச்சுரல் படத்தை அதனதன் எல்லைக்குள் நிறுத்தும். விவிட் அதைத் திரை எட்டும் விளிம்பு வரை பிடித்து இழுத்துவிடும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் நிறத்துக்கு அதற்கு மேல் போக இடமில்லை. மடிப்பும் நிழலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கட்டியாகிவிடுகின்றன. பூவையும் கடலையும் காட்ட அது போதும். ஒரு குழந்தையின் விரலைக் காட்ட முடியாத திரையை எப்படி உயர்ந்த திரை என்று சொல்வது?

அந்த விளக்கின் நீலம் 460இலிருந்து 490 நானோமீட்டருக்குள் இருக்கும். தோலை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற பொருள் அந்த ஒளியைத்தான் வாங்கிக்கொண்டு உருமாறி வெளியேறுகிறது. என் திரையின் நீலப் புள்ளிகளும் 460ஐ ஒட்டித்தான் எரிகின்றன. இதை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

சர்வீஸுக்கு எழுதினேன். "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது" என்று பதில். அந்த அளவு என்ன என்று கேட்டேன். குறையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள்.

பழைய போனால் எடுத்தேன். படத்தில் சாம்பல் அழகான சாம்பலாக வருகிறது. பச்சையைக் கேமராவே திருத்திக்கொண்டுவிட்டது! பத்து தரம் எடுத்தும் அப்படியே. கடைசியில் பிரிண்டர் தாளைத் திரையின் மேல்பாதியில் ஒட்டினாற்போல் வைத்து எடுத்தேன். தாளை வெள்ளை என்று கேமரா பிடித்துக்கொண்டதும் திரையின் பச்சை அப்படியே வந்தது.

12 என்று அம்மா செய்தி அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்தது ஒரு மணி நேரம் கழித்து. இந்த வேலையில் கவனிக்கவில்லை.

மார்ச் 11, புதன்

தாள் யோசனையை அக்காவிடம் சொன்னேன்.

"பாப்பா பக்கத்துல ஒரு வெள்ளைத் தாள் வச்சு எடு. ஜன்னல் பக்கம். உள்ளங்காலும் தெரியணும்."

"உள்ளங்கால் எதுக்குடி?"

மஞ்சள் முகத்தில் தொடங்கி நெஞ்சு, வயிறு என்று இறங்கி, கடைசியில்தான் பாதத்துக்கு வரும். அதை அவளிடம் சொல்லவில்லை. சும்மா பார்க்கணும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவளுக்கும் தெரியும் போலிருக்கிறது.

படம் வந்தது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தை வைத்து எடுத்திருக்கிறாள், ஓரத்தில் நீல மை ஊறித் தெரிகிறது. அதன்மேல் பாதம். என் தாளைக் கையில் பிடித்து, திரையில் அவள் தாளைப் பார்த்தேன். அவள் தாள் பச்சை. திரையைக் கொஞ்சம் சாய்த்தால் நீலம். நேராகப் பிடித்தால் மறுபடி பச்சை. ஓஎல்இடியைச் சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறுவது உள்ளதுதான், ஆனால் இவ்வளவா? பாதத்தைப் பற்றி நான் எதைச் சொல்வது?

பழைய போனில் தாளும் தாளும் ஏறக்குறைய ஒன்று. பாதம் இளஞ்சிவப்பு. மடிப்புகளில் மட்டும் கொஞ்சம் வெளிறி.

9.

விளக்கை எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 12, வியாழன்

மாற்றித் தருகிறார்களாம். தாள் வைத்து எடுத்த படத்துக்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

11. ஏறியிருக்கிறது. விளக்கை எடுத்தபின் கொஞ்சம் ஏறுவது உண்டு என்றாராம் டாக்டர். அக்கா குரலில் தூக்கமே இல்லை.

இன்று முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். உலகத்துத் திரைகள் எல்லாம் இன்னும் 1931இல் வகுத்த நிற அளவையை வைத்துத்தான் அளக்கப்படுகின்றன. அதற்கு அடிப்படை இங்கிலாந்தில் ரைட், கில்ட் என்ற இரண்டு பேர் தனித்தனியாகச் செய்த சோதனைகள். ரைட்டின் சோதனையில் 10 பேர், கில்டின் சோதனையில் 7 பேர். அந்த 17 பேரின் கண்தான் நம் எல்லோருக்கும் பொதுவான கண். ஓஎல்இடியின் ஒளி மிகவும் குறுகலான நிறப் பட்டைகளால் ஆனது என்பதால், அளவுகோலில் ஒன்றாக இருக்கும் இரண்டு வெள்ளைகள் மனிதக் கண்ணுக்கு வேறுவேறாகத் தெரியலாம். ஆளுக்கு ஆளும் மாறும். இரண்டு நிறங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைச் சொல்லும் எண் டெல்டா ஈ. அது ஒன்றுக்குக் கீழே இருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது என்பது பொதுக்கணக்கு. யாருடைய கண்ணுக்கு என்பது அந்த எண்ணில் இல்லை.

அப்படியானால் இந்தப் பச்சை என் கண்ணில்தானா? ஒரு மணி நேரம் அதை நினைத்து நடுங்கிப்போனேன். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, வாசலில் நின்றபடியே, ஒன்றும் சொல்லாமல், தாளையும் இரண்டு போன்களையும் காட்டினேன். "இது என்ன இப்படி பச்சையா இருக்கு?" என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

அழுகை வந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

மார்ச் 14, சனி

மாற்றுப் போன் வந்தது. அதே மாடல், அதே நிறம். இது இளஞ்சிவப்பு.

மார்ச் 15, ஞாயிறு

இளஞ்சிவப்பு என்றால் எவ்வளவு என்று எழுதி வைக்கிறேன். வெள்ளைப் பக்கம் தாளுக்குப் பக்கத்தில் லேசாக வெட்கப்பட்டதைப் போல இருக்கிறது. இரவில் சாம்பல் படம் ஒரே சீராக இருக்கிறது, கோடு இல்லை, திட்டு இல்லை. முந்தையதைவிட எத்தனையோ மேல். வெள்ளையை நகர்த்தும் பட்டையில் இரண்டு புள்ளி பச்சைப் பக்கம் தள்ளினால் தாளுக்குக் கிட்டே வந்துவிடுகிறது. வேறு யாராவது என்றால் வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

ஆனால் இதில் அவள் மஞ்சளாகவே இல்லை. நேற்றுக் காலைப் படம், பன்னிரண்டோ பதின்மூன்றோ இருக்கும் என்று அம்மா பயந்து எடுத்த படம். இதில் ரோஜாவாகப் படுத்திருக்கிறாள். அந்தப் பச்சைத் திரை இல்லாத நோயையும் காட்டும். இது இருப்பதை மறைத்துவிடும். இரண்டில் இதுதான் எனக்குப் பயம்.

நீலப் புள்ளிகள்தான் முதலில் தேயும் என்றும் படித்தேன். நீலம் தேயத் தேய வெள்ளை மஞ்சளாகும். எந்தத் திரையும் வாங்கிய நாளில் இருந்ததைப் போல இருக்காது. அது சரி, ஆனால் வாங்கிய நாளில் ஒரு தரமாவது சரியாக இருக்க வேண்டாமா?

அக்கா கேட்டாள், "புது போன்ல பாப்பா எப்படி இருக்கா?"

அழகா இருக்கா என்றேன்.

மார்ச் 16, திங்கள்

இருமல் இல்லாத முதல் நாள். இன்னும் மூன்று நாள் பொறு என்கிறாள் அம்மா.

பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டேன். நாளை காலை பத்திலிருந்து ஒரு மணிக்குள் போனை எடுக்க வருகிறார்கள். ரத்தப் பரிசோதனையும் நாளைக் காலைதான். படங்களையெல்லாம் பழைய போனுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன், 212 இருக்கின்றன. நீல விளக்குப் படம் போய்ச் சேர்ந்துவிட்டது. பாதத்தின் படத்தைக் காணோம். இன்னொரு தரம் தேட வேண்டும்.