வேல்யூ ஆப்ஜெக்ட் கிளாஸ்களை ரூபியே எழுதட்டும்

ரூபி நிரல்மொழியில் பணம், தேதி வரம்பு, வரைபடப் புள்ளி என்று மதிப்பை வைத்தே ஒப்பிடப்படும் சின்னச் சின்ன விஷயங்களுக்கு, அதாவது வேல்யூ ஆப்ஜெக்ட்களுக்கு, தனித்தனி கிளாஸ் எழுதினால் ஒவ்வொன்றிலும் பொருளை உருவாக்கும் அதே கன்ஸ்ட்ரக்டர், மதிப்பைப் படித்துத் தரும் அதே ரீடர்கள், அதே ஒப்பீடு. அலுப்பு பெரிய விஷயமில்லை. புதிதாக ஒரு ஃபீல்டைச் சேர்த்துவிட்டு ஒப்பீட்டில் அதை விட்டுவிட்டால் வேறுபட்ட இரண்டு பொருள்கள் சமம் என்று வரும், பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் ஆபத்து.

ஃபீல்டு பெயர்களை வாங்கிக்கொண்டு கிளாஸ் ஒன்றைத் திருப்பித் தரும் மெத்தட் ஒன்றை எழுதிவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும். உள்ளே புது கிளாஸை உருவாக்கும் கிளாஸ் நியூ, அதன் பிளாக்கில் ரீடர்கள். கன்ஸ்ட்ரக்டரையும் ஒப்பீட்டையும் டெஃப் போட்டு எழுதாமல் டிஃபைன் மெத்தடால் எழுத வேண்டும், ஏனென்றால் டெஃபுக்குள் போனதும் வெளியே இருக்கும் ஃபீல்டு பட்டியல் கண்ணில் படாது, பிளாக்குக்கு அது தெரியும்.

அப்புறம் பலரும் இரட்டைச் சமக்குறியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. ஹேஷில் சாவியாக வைக்கும்போதும், ஒரே மாதிரியானவற்றை நீக்க யூனிக் கூப்பிடும்போதும் ரூபி பார்ப்பது ஹேஷ், ஈக்யூஎல் கேள்விக்குறி (eql?) என்ற இரண்டு மெத்தட்களை. அவையும் அதே ஃபீல்டு பட்டியலிலிருந்து பிறக்க வேண்டும். கடைசியில், பொருளை மாற்ற முடியாமல் பூட்டும் ஃப்ரீஸ். அதுவும் மேலோட்டமானதுதான், உள்ளே இருக்கும் அர்ரேவை அது பூட்டாது.

ஒப்பிடும்போது கிளாஸும் ஒன்றா என்று கட்டாயம் பாருங்கள். பைத்தானின் நேம்டு டியூப்பிள் அடிப்படையில் டியூப்பிள்தான் என்பதால் அதைப் பார்ப்பதில்லை, மதிப்புகள் ஒத்துப்போனால் ஒரு புள்ளியும் ஒரு பணத்தொகையும் அங்கே சமமாகிவிடும்.

ரூபியின் ஸ்ட்ரக்ட் இதில் பாதியைத் தருகிறது, ஆனால் மதிப்பை மாற்றும் செட்டர்களையும் சேர்த்தே தருகிறது, மதிப்பு மாறக்கூடிய பொருளை நான் வேல்யூ ஆப்ஜெக்ட் என்று ஏற்கமாட்டேன். 2022 டிசம்பரில் வந்த ரூபி 3.2-இல் இருக்கும் டேட்டா டிஃபைன்தான் சரியான விடை: செட்டர் கிடையாது, ஃபீல்டு விடுபட்டால் உடனே பிழை, ஒரு மதிப்பை மட்டும் மாற்றிப் புதிய பொருள் எடுக்க வித். இருந்தாலும் சொந்தமாக ஒருமுறை எழுதிப் பாருங்கள், உள்ளே என்ன நடக்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

சொந்தமாக எழுதினாலும் டேட்டாவை எடுத்தாலும், உருவான கிளாஸை ஒரு கான்ஸ்டன்ட்டில் வையுங்கள். அப்போதுதான் அதற்குப் பெயர் கிடைக்கும். அடிக்கடி ஓடும் மெத்தடுக்குள் உருவாக்கினால் ஒவ்வொரு முறையும் புது கிளாஸ் பிறக்கும், அதே மதிப்புகளை வைத்திருக்கும் பொருள்கள்கூட ஒன்றுக்கொன்று சமமாகாது.