ஸ்பெக்ட்ரம் கணினியின் திரையைத் துடிப்பு வாரியாக வரைந்து பார்த்த அனுபவம்

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே கணினிபோலவே இன்றைய கணினியில் இயங்கும் எமுலேட்டர் மென்பொருள் ஒன்றைச் சி++ மொழியில் எழுதி வருகிறேன். சின்கிளேர் நிறுவனம் 1982இல் பிரிட்டனில் வெளியிட்ட இந்தக் கணினியில், திரைக்காட்சியை உருவாக்கும் வேலை முழுவதையும் யூஎல்ஏ என்னும் ஒரே சில்லு செய்கிறது. இசட்80 செயலியின் கட்டளைகளைப் பின்பற்றும் பகுதி முன்பே ஒழுங்காக இயங்கத் தொடங்கிவிட்டதால், அண்மைக் காலமாக யூஎல்ஏவில் மட்டுமே கவனம் செலுத்தினேன்.

ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான இயந்திரம் ஒன்று கையில் இருப்பது பெரிய வசதி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அதை இயக்குவதும் கடினமாக இல்லை. நம் நாட்டின் மூன்று முள் செருகியும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் பிஏஎல் தொலைக்காட்சி வண்ண முறையும் பிரிட்டனுக்கும் பொதுவானவை. தொலைக்காட்சி ஒலியின் அலைவரிசை இடைவெளி மட்டும் அங்கே 6 மெகாஹெர்ட்ஸ், இங்கே 5.5, ஆனால் 48கே தன் ஒலியைத் தொலைக்காட்சிக்கு அனுப்பாமல் உள்ளிருக்கும் சிறு ஒலிபெருக்கியிலேயே எழுப்புவதால் அந்த வேறுபாடு குறுக்கிடவில்லை. பட்டணத்தில் தொலைக்காட்சி பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர், “இதையெல்லாம் இனி யார் தம்பி கேட்கப் போகிறார்கள்” என்று சொல்லிக் கொடுத்த பழைய குழாய்த் தொலைக்காட்சியின் யூஎச்எஃப் 36ஆம் அலைவரிசையில் படம் தெளிவாக வந்தது.

திரை நினைவகம் 16384ஆம் முகவரியில் தொடங்குகிறது. 256க்கு 192 புள்ளிகளுக்கு 6144 பைட்டுகள். எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறப் பைட் வீதம் மேலும் 768. ஐம்பதில் ஒரு நொடிக்கு ஒருமுறை இந்த 6912 பைட்டுகளையும் மொத்தமாகப் படித்து வரைந்துவிட்டால் பெரும்பாலான நிரல்கள் சரியாகவே தெரியும். எனினும் அதை நான் துல்லியம் என்று ஏற்பதில்லை. யூஎல்ஏ ஒவ்வொரு கணத்திலும் எந்தப் பைட்டைப் படித்ததோ அதன் பதிவுதான் படம். ஒரு சட்டகம், அதாவது ஒரு முழுத் திரைக்காட்சி, முடியும்போது நினைவகம் இருக்கும் நிலை அன்று. தொலைக்காட்சிக் குழாயின் கதிர் ஒரு வரியை வரைந்து முடித்தவுடன் அந்த வரியின் நிறப் பைட்டுகளை மாற்றி எழுதி, ஒரே கட்டத்துக்குள் வரிக்கு வரி வேறு நிறம் காட்டும் நிரல்கள் இருக்கின்றன. மொத்தமாக வரைந்தால் அவற்றின் கடைசி நிறம் மட்டுமே எஞ்சும்.

ஆகவே காலக்கணக்கையே அடித்தளமாக வைத்தேன். செயலியின் வேகம் 3.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 35 லட்சம் கடிகாரத் துடிப்புகள்; ஒரு வரிக்கு 224 துடிப்புகள், ஒரு சட்டகத்துக்கு 312 வரிகள், ஆக 69888 துடிப்புகள். ஒரு துடிப்பில் இரண்டு புள்ளிகள் வரையப்படுகின்றன. முதல் 64 வரிகள் கழிந்து, 14336ஆம் துடிப்பில் படப்பகுதி தொடங்குகிறது. செயலி நினைவகத்தில் எழுத முற்படும் ஒவ்வொரு முறையும், அந்தத் துடிப்பு வரைக்குமான படத்தை முதலில் வரைந்து முடித்துவிட்டு, அதன் பிறகே புதிய பைட்டை ஏற்கும்படி நிரலை அமைத்தேன்.

இதைவிடக் கடினமானது காத்திருப்பு. 16384 முதல் 32767 வரையுள்ள நினைவகத்தைச் செயலியும் யூஎல்ஏவும் பகிர்ந்துகொள்கின்றன. தோட்டத்து ஒற்றைப் பாலத்தில் செம்பனைக் குலை லாரி ஏறிவிட்டால் மோட்டார் சைக்கிள் ஒதுங்கி நிற்பதுபோல, யூஎல்ஏ படிக்கும் நேரத்தில் செயலி நிற்க வேண்டும். அதன் கடிகாரத்தையே யூஎல்ஏ நிறுத்தி வைக்கிறது. 14335ஆம் துடிப்பில் வந்தால் ஆறு துடிப்புகள் தாமதம், அடுத்ததில் ஐந்து, பிறகு நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, கடைசி இரண்டுக்குத் தாமதமே இல்லை. எட்டுத் துடிப்புகள் கொண்ட இந்த ஒழுங்கு ஒரு வரியின் படப்பகுதியான 128 துடிப்புகளுக்குள் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு கட்டளைக்கு மொத்தமாக ஒரு தாமதத்தைச் சேர்ப்பது போதாது. கட்டளைக்குள் நிகழும் ஒவ்வொரு நினைவக அணுகலுக்கும் அது நிகழும் துடிப்பிலேயே தாமதத்தைக் கணக்கிட வேண்டும். இதற்காக இசட்80 பகுதியின் உட்கட்டமைப்பை முழுவதுமாக மாற்றி எழுதினேன். அந்த உழைப்புக்குப் பலன் உடனே தெரிந்தது.

செயலி மற்றச் சாதனங்களோடு பேசும் வாயில்களான போர்ட்டுகளில் இரட்டைப்படை எண் கொண்டவை யூஎல்ஏவுக்கு உரியவை என்பதால் அவற்றை அணுகும்போதும் காத்திருப்பு உண்டு. போர்ட் முகவரியின் மேல் பைட் பகிர்வு நினைவகத்தின் எல்லைக்குள் விழுந்தால் தாமத ஒழுங்கும் மாறுகிறது. எதனோடும் இணைக்கப்படாத போர்ட்டைப் படித்தால், யூஎல்ஏ அந்தக் கணத்தில் எடுத்துக்கொண்டிருக்கும் பைட்டே செயலிக்குக் கிடைக்கிறது. படம், நிறம், அடுத்த படம், அடுத்த நிறம் என நான்கு துடிப்புகள்; பின்வரும் நான்கில் 255. சில விளையாட்டுகள் கதிரின் இடத்தை அறிந்துகொள்ள இதையே நம்பியிருப்பதால், விட்டுவிடக்கூடிய சிறு நுணுக்கமாக இதை நான் கருதவில்லை.

சோதனைக்கு, விளிம்பின் நிறத்தைக் குறித்த துடிப்புகளில் மாற்றும் சிறு நிரல்களை எழுதி, எமுலேட்டரிலும் உண்மையான இயந்திரத்திலும் ஓட்டினேன். விளிம்பு நிறம் நான்கு துடிப்புகளுக்கு ஒருமுறைதான், அதாவது எட்டுப் புள்ளிகளுக்கு ஒருமுறைதான், புதிதாக ஏற்கப்படுகிறது. அந்த விதியைச் சேர்த்தபின் இரு திரைகளிலும் பட்டைகளின் படிக்கட்டு ஒன்றுபோல் அமைந்தபோது அடைந்த மகிழ்ச்சி பெரிது. சில இயந்திரங்களில் காலக்கணக்கு முழுவதும் ஒரு துடிப்பு பின்தங்குவதால், அதற்கும் ஒரு தெரிவு வைத்துள்ளேன்.

சட்டக வேகம் நொடிக்கு 50.08. மடிக்கணினியின் 60 ஹெர்ட்ஸ் திரையில் உருளும் எழுத்துகள் சற்றுத் துள்ளுகின்றன. திரையை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பெருமளவு அடங்குகிறது.

அடுத்ததாக ஸ்பெக்ட்ரம் 128கேயை எடுத்துக்கொள்கிறேன். அதில் வரிக்கு 228 துடிப்புகள், 311 வரிகள். நினைவகப் பிரிவுகளில் ஒற்றைப்படை எண் கொண்டவற்றுக்கு மட்டுமே காத்திருப்பு. எனவே தாமத அட்டவணையை முகவரியோடு பிணைக்காமல், அந்த முகவரியில் அப்போது பொருத்தப்பட்டிருக்கும் பிரிவோடு பிணைக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன்.