மியூனிக்கிலிருந்து கிர்க் தீவு வரை: வண்டிக்குப் பின்னால் ஒரு படகு

மியூனிக்கிலிருந்து குரோவேஷியாவின் கிர்க் தீவுக்கு நாங்கள் காருக்குப் பின்னால் ட்ரெய்லரில் இழுத்துப்போன அத்தானின் படகு ஏழரை மீட்டர் நீளம், 2.54 மீட்டர் அகலம். இந்த இரண்டாவது எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் சிறப்பு அனுமதி இல்லாமல் சாலையில் ஓடக்கூடிய அதிகபட்ச அகலம் 2.55 மீட்டர். ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, குரோவேஷியாவிலும் அதே கணக்குதான். ட்ரெய்லரில் இழுத்துப் போவதற்காகவே செய்யப்படும் படகுகளில் பெரும்பாலானவை இந்த எல்லைக்கு ஒட்டினாற்போல நிற்பது தற்செயல் இல்லை. படகுக் கண்காட்சியில் விற்பனையாளர் எஞ்சினைப் பற்றிப் பேசும்போதே, விவரம் தெரிந்தவர்கள் அகலத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அத்தான் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். "மாப்ள, அந்தப் பக்கம் பிடி." அட்டவணையில் என்ன போட்டிருந்தாலும் அவருக்கு ஒரு தடவை அளந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டில் தொங்கிய ரப்பர் மெத்தைகளை எல்லாம் அவிழ்த்து உள்ளே போட்டோம். கரையில் மோதாமல் இருக்கக் கட்டுவது அது. அப்படியே தொங்கவிட்டால் பக்கத்துக்கு இருபது சென்டிமீட்டர் கூடிவிடும். 2.55-ஐத் தாண்டிய படகு என்றால் ஜெர்மனியில் ஓர் அனுமதி, ஆஸ்திரியாவில் தனியாக ஒன்று, அதற்கடுத்த நாட்டில் இன்னொன்று என்று வழித்தடத்தைக் குறிப்பிட்டு வாங்கிக்கொண்டே போக வேண்டும். ஐரோப்பா முழுக்கச் செல்லும் ஒரே சீட்டு என்று எதுவும் இல்லை. அத்தகைய படகு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் படகு ஏற்றிச் செல்லும் லாரி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு விமானத்தில் போகிறார்கள். புத்திசாலிகள்!

அடுத்தது எடை. இதில் இரண்டு கணக்கு உண்டு, பலரும் அதை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஓட்டுநர் உரிமத்துக்குப் பார்ப்பது பதிவுச் சான்றில் எழுதியிருக்கும் அனுமதிக்கப்பட்ட எடை. பி என்னும் சாதாரண கார் உரிமத்தில் 750 கிலோ வரையான ட்ரெய்லர், அதற்கு மேல் என்றால் வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோவுக்குள். பி 96 என்ற கூடுதல் குறி இருந்தால் 4,250. நாங்கள் இழுத்த மாதிரி 3,500 கிலோ அனுமதியுள்ள ட்ரெய்லர் என்றால் பி.ஈ என்னும் ட்ரெய்லர் உரிமம் கட்டாயம். நம் ஊரிலிருந்து வந்து இங்கே உரிமம் எடுத்தவர்களிடம் பெரும்பாலும் வெறும் பி தான் இருக்கும். ஆனால் பி.ஈ-க்கு எழுத்துத் தேர்வு கிடையாது, ஓட்டிக் காட்டினால் போதும். ட்ரெய்லரைப் பின்னோக்கி வளைத்து நிறுத்துவதுதான் அதில் நாக்குத் தள்ள வைக்கும்.

இரண்டாவது கணக்கு, போலீஸ்காரர் தராசில் ஏற்றும்போது வரும் நிஜமான எடை. படகை 2,200 கிலோ என்று விற்றிருப்பார்கள். ட்ரெய்லர் ஒரு 700. டாங்கில் 200 லிட்டர் பெட்ரோல் இருந்தால் அதுவே 150 கிலோ. அப்புறம் நங்கூரம், சங்கிலி, தண்ணீர்த் தொட்டி, அக்கா ஏற்றிவைத்த சாமான்கள். ஊருக்கு வெளியே ஒரு எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம். சீட்டில் 3,180 என்று வந்ததும் அத்தான் முகத்தில் நிம்மதி. அக்கா உடனே, "அப்போ இன்னொரு பை வைக்கலாம்ல?" என்றாள்.

படகின் பின்பக்கம் ட்ரெய்லரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். ஜெர்மனியில் ட்ரெய்லரின் பிரதிபலிப்பானைத் தாண்டி ஒரு மீட்டருக்கு மேல் நீட்டினால் 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் சிவப்புக் கொடி கட்ட வேண்டும். இத்தாலி வழியாகப் போகிறவர்களுக்கு அங்கே சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட பலகை தேவை. சுவிஸ் வழி என்றால் ட்ரெய்லருக்கும் தனியாகச் சாலை வில்லை, அதாவது நெடுஞ்சாலைக் கட்டணம் கட்டியதற்கான ஸ்டிக்கர், வாங்க வேண்டும். அதோடு, ட்ரெய்லர் கழன்றுகொண்டால் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் மெல்லிய கம்பியைக் கொக்கியின் கழுத்தில் சும்மா சுற்றிவிட்டால் அங்கே ஏற்க மாட்டார்கள், அதற்கென்று உள்ள வளையத்தில் மாட்டியிருக்க வேண்டும். நெதர்லாந்திலும் அப்படித்தான். இது நல்ல விதி. எல்லா நாடும் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் ட்ரெய்லரில் பச்சை எழுத்து எண் பலகை. படகு போன்ற விளையாட்டுச் சாதனம் ஏற்றுவதற்கு மட்டும் என்று பதிவு செய்தால் ஜெர்மனியில் வாகன வரி இல்லை. பதிலுக்கு, அதில் பழைய சோபாவை ஏற்றிக்கொண்டு போனால் வரி ஏய்ப்பு.

சால்ஸ்பர்க் பக்கம் எல்லை எப்போது வந்தது என்றே தெரியவில்லை, யாரும் நிறுத்தவில்லை. மாறியது வேகம்தான். ஜெர்மனியில் ட்ரெய்லர் இழுக்கும் காருக்கு 80 கிலோமீட்டர். டயர் ஆறு வருடத்துக்கு உட்பட்டது என்பது போன்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டால் பின்னால் '100' வில்லை ஒட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் நூறில் போகலாம். அந்த வில்லைக்கு எல்லை தாண்டினால் மதிப்பில்லை. ஆஸ்திரியாவில் எங்கள் எடைக்கு 80. லாரிகளோடு லாரியாக ஆல்ப்ஸைப் பார்த்துக்கொண்டே போனோம். அந்த வேகத்தில்தான் அந்த மலைகளைப் பார்க்க வேண்டும் என்பேன். ஆஸ்திரியச் சாலை வில்லை காருக்கு மட்டும் போதும், ட்ரெய்லருக்குத் தனியாக வேண்டாம். ஆனால் டௌவர்ன் மலைப்பாதைக்கும், ஸ்லோவேனியாவுக்குள் இறங்கும் கராவாங்கன் சுரங்கத்துக்கும் அந்த வில்லை செல்லாது, தனிக் கட்டணம். ஸ்லோவேனியாவில் ஒட்ட வேண்டாத மின்வில்லை. முன் அச்சின் மேல் வண்டி 1.3 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கிறதா என்பதை வைத்து வகை பிரிக்கிறார்கள், ட்ரெய்லர் கணக்கில் வராது. குரோவேஷியச் சுங்கச்சாவடியிலோ ட்ரெய்லர் இருந்தாலே கார் அடுத்த வகைக்குப் போய்விடும்.

ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா ஊருக்குப் பிறகு நெடுஞ்சாலையை விட்டு ஊர்களுக்கு நடுவே போகிற சாலை. எதிரே ஒரு டூரிஸ்ட் பஸ் வந்தபோது, அந்த 2.54 எவ்வளவு பெரியது என்று புரிந்தது. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கை நுழையுமோ என்னவோ.

குரோவேஷியாவுக்குள் நுழையும் ரூபா எல்லையில் காலியான சோதனைக் கூண்டுகள். 2023 ஜனவரி 1-இல் குரோவேஷியா, உள் எல்லைகளில் வழக்கமான சோதனை இல்லாத ஷெங்கன் வட்டாரத்தில் சேர்ந்துவிட்டது, அன்றே யூரோவுக்கும் மாறியது. போகும்போது நிம்மதி. திரும்பும்போது ஸ்லோவேனியப் பக்கம் சோதனை இருக்கலாம், 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கினார்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் குடியிருப்பு அட்டையைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், படகுக்குள் எங்கோ ஒரு பையில் வேண்டாம்.

கிர்க் பாலத்துக்கு முன்னால் அத்தான் வண்டியை ஓரங்கட்டிப் பலகையைப் பார்த்தார். 'புரா' என்னும் வடகிழக்குக் காற்று வீசினால் இந்தப் பாலத்தில் முதலில் தடுக்கப்படுவது எங்களைப் போன்ற ட்ரெய்லர்காரர்கள்தான். அன்று காற்று இல்லை.

அசல் விசாரணை கிர்க் துறைமுக அலுவலகத்தில்தான். நாலு நாட்டிலும் கேட்காத கேள்விகளை ஒரே மேசையில் கேட்டார்கள். படகு இரண்டரை மீட்டரைத் தாண்டினாலோ, எஞ்சின் 5 கிலோவாட்டைத் தாண்டினாலோ கடலில் இறக்கும் முன் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். உரிமையாளர் சான்று, படகு ஓட்டும் உரிமம், எஞ்சின் 15 கிலோவாட்டுக்கு மேல் என்றால் மூன்றாம் நபர் காப்பீடு. படகின் சொந்தக்காரர் கூட வராவிட்டால் அவர் கொடுத்த அதிகாரக் கடிதம். அத்தான் ஜெர்மனியில் எடுத்த சர்வதேசப் படகுச் சீட்டை நீட்டினார், மேசையிலிருந்த அம்மா படகின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். வாங்கியபோது மதிப்புக் கூட்டு வரி கட்டியதற்கான அசல் ரசீதையும் அத்தான் கோப்பில் வைத்திருந்தார், கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் கொண்டுவரும் வரி கட்டாத படகு என்றால் தற்காலிகமாக 18 மாதம்தான் உள்ளே வைத்திருக்கலாம். பிரிட்டன்காரர்களுக்கு இப்போது இதுதான் தலைவலி.

கிரேன்காரர் பட்டையைப் படகின் அடியில் கோத்துவிட்டு அத்தானிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: எத்தனை கிலோ? அத்தான் பையிலிருந்து எடைமேடைச் சீட்டை எடுத்து, அதில் ட்ரெய்லரைக் கழித்துச் சொன்னார்.